உன் பேரில் எட்டு நாள்

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் இன்னும் கூன் விழுந்தவள் மாதிரி நடக்கிறேன், ஆனால் நடக்கிறேன். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இந்த விஷயத்தைப் போனில் மூச்சு விடக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கிக்கொண்டதால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் முறையாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

தையல் ஆறிவிட்டது. ரத்தம் நின்றுபோனதை இன்னும் நம்ப முடியவில்லை. ஒரு வருஷம் நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுக்க எட்டு மாதம் கழித்துத்தான் தேதி தந்தார்கள். ரத்த அளவு ஆறு புள்ளிக்கு இறங்கியவள் எட்டு மாதம் எங்கே தாங்குவது? நீ மட்டும் உன் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை என் கையில் திணிக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பார்கள்.

ஆனால் அக்கா, அந்த எட்டு நாளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, குலையும் நடுங்குகிறது. முதல் நாள் நர்ஸ் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி கூப்பிட்டாள். பக்கத்து நாற்காலிப் பெண், "உங்களைத்தான் போல" என்று இடிக்கிறாள். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. "காது கொஞ்சம் மந்தம்" என்று சமாளித்தேன். அதையும் எழுதிக்கொண்டுவிட்டாள்! ஆகவே இப்போது காகிதத்தில் உனக்குக் கருப்பை இல்லை, காதும் மந்தம். எனக்கு வயது நாற்பத்தாறு. ஒரே நாளில் மூன்று வயது ஏற்றிவிட்டாய், பாவி.

கார்டில் இருக்கும் போட்டோ யாரும் சந்தேகப்படாதபடி என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறது. கூட இருப்பவர் என்ற இடத்தில் நீ என் பேரை எழுதி, உறவு "தங்கை" என்று போட்டுக் கையெழுத்திட்டாயே, உன் துணிச்சல் யாருக்கும் வராது. பிள்ளைகளோடு இங்கேயே இருந்ததால் இவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்க அக்கா கம்பெனி ஏற்பாடு" என்று ஊரெல்லாம் பெருமை வேறு.

டிஸ்சார்ஜ் காகிதங்களை என்ன செய்யட்டும்? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பேரில் பிழைத்த தங்கை

ஜூன் 21

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றித்தான் கவலை. வாளி தூக்காதே. குனிந்து கூட்டாதே. பெரியவள் எதற்கு இருக்கிறாள்? காகிதங்கள் அனைத்தையும் எனக்கு அனுப்பிவிடு. உன் வீட்டில் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. சிரித்ததெல்லாம் போதும்.

போன வாரம் கம்பெனி கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு இடைவேளையில் வரிசையாக நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்று படிக்காமல் போட்டேன். அதில் "உறுப்பினரின் உரிமைகளும் பொறுப்புகளும்" என்று இரண்டு பக்கம் இருக்கிறது. சிகிச்சையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க உரிமை உண்டு. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் முறையிட உரிமை உண்டு. பதிவில் தவறு இருந்தால் திருத்தச் சொல்ல உரிமை உண்டு. அடுத்த பக்கத்தில் பொறுப்புகள். நான்காவது: அட்டையை வேறொருவர் பயன்படுத்த விட்டால் காப்பீடும் போகும், வேலையும் போகும்.

குடும்பத்தாரைச் சேர்க்கும் படிவமும் அதோடு இருக்கிறது. கணவன், பிள்ளைகள், தாய், தகப்பன் என்று கட்டங்கள். எனக்கு எந்தக் கட்டத்திலும் எழுத ஆள் இல்லை. இருக்கிற ஒருத்திக்கோ அதில் கட்டம் இல்லை. நான் செய்தது தப்புதான். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் மறுபடியும் செய்வேன்.

இங்கே வேலை அதேதான். விளக்குக்கு முன்னால் கண்ணாடி பாட்டில்கள் ஓடும். விரிசல் இருப்பதைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம். கண் எரிகிறது, வேறொன்றும் இல்லை.

மாத்திரையை நிறுத்தாதே.

அக்கா

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஜூலையில் ஒன்று எழுதினேன், ஆகஸ்டில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. போன் பண்ணினால், "ஷிப்டு, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று சொன்னால் காத்திருப்பேன்.

எனக்கு ரத்தம் பதினொன்றரை! டாக்டரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டேன். எட்டு மணி நேரம் மெஷினில் உட்காருகிறேன்; ஒரு வலி கிடையாது. சின்னவள் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவள் கால் நீளம் என்று மூன்று நாள் புலம்பல்.

இவர் வேன் ஓட்டப் போகும் நாளெல்லாம் எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் கம்பெனியில் விடுமுறை என்ற ஒன்றே கிடையாதா? பத்து மணி நேரப் பயணம்தானே? ஒரு தடவை வந்து நான் நடப்பதைப் பாரேன். நீ வாங்கிக் கொடுத்த நடை.

ஆசையோடு
தங்கை

டிசம்பர் 2

தங்கைக்கு,

நலம். உன் மூன்று கடிதங்களும் வந்தன. பதினொன்றரை என்று படித்ததும் அந்த வரியை மட்டும் கிழித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். பதில் போடாததற்குக் காரணம் சோம்பல். வேறொன்றும் கற்பனை செய்யாதே. சின்னவளிடம் சொல், அவள் பெரியம்மாவுக்குக் குட்டைக் கால், இருந்தும் வாழ்க்கை முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் பக்கத்து விளக்கில் வேலை செய்யும் ஒருத்திக்கு உனக்கு வந்த மாதிரியே ஏதோ தொந்தரவு. உனக்கு முதலில் எப்படித் தொடங்கியது? கட்டி கட்டியாகப் போனதா? இடுப்பில் வலி பின்பக்கமா, அடிவயிற்றிலா? மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு திரும்ப ரத்தம் வருவது சகஜம்தானா? அவள் கூச்சக்காரி. டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறாள். விவரமாக எழுது.

அக்கா

டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாடா, எழுதினாய்! நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதாகச் சொல். எனக்கு முதலில் நாள் தள்ளிப் போனது, அப்புறம் நிற்காமல் போனது, கட்டியும் உண்டு. வலி அடிவயிற்றில். ஆனால் எனக்கு அப்போது மாதவிடாய் நின்றிருக்கவில்லை. நின்று ஒரு வருஷம் கழித்து வருகிறது என்றால் அது சகஜம் இல்லை அக்கா, வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு அப்படித்தான் வந்தது. டாக்டர் அவளைப் போட்டுத் திட்டினார், "ஏம்மா முதல் சொட்டுக்கே வரல?" என்று.

கூச்சமாம் கூச்சம்! கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. என்ன பயம் அவளுக்கு? அவளும் உன்னை மாதிரிக் கம்பெனி ஆள்தானே, சொந்தமாகக் கார்டு இருக்குமே. என்னைப் போலத் திருட்டுத்தனமாகவா படுக்கப் போகிறாள்? தன் பேரில், தன் வயதில், ராணி மாதிரி போய்ப் படுக்க வேண்டியதுதானே?

போனாளா என்று கட்டாயம் எழுது. எனக்கு அவளை நினைத்தால் என்னையே பார்ப்பது போல் இருக்கிறது.

தங்கை

பிப்ரவரி 11

தங்கைக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

நீ கேட்ட அந்தப் பெண் போனாள். படம் எடுத்தார்கள். கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். கார்டில் ஒரு சிக்கலாம். இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு காகிதம் வர வேண்டும். வந்தால் பார்க்கலாம், வரும்வரைக்கும் முப்பது நாள் கணக்கு ஓடாது என்று கையேட்டில் இருக்கிறது. அவளை விடு. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, ஒற்றை ஆள், சமாளித்துக்கொள்வாள்.

நீ அனுப்பிய காகிதங்களை அன்றைக்கே எரித்துவிட்டேன். ஒருவேளை யாராவது வந்து எதையாவது கேட்டால், என் கம்பெனிப் பக்கமே நீ வந்தது இல்லை. உனக்கு எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிவை. சரியா?

பெரியவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. அடிக்கடி எழுதி நேரத்தை வீணாக்காதே.

அக்கா

மார்ச் 12

அக்கா,

நலமா என்று கேட்க மாட்டேன். நலம் என்று பொய் சொல்வாய். நேற்றிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டேன், ஏழு தடவையும் துண்டித்தாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. படி.

நேற்று இவர் வேனைக் கழுவினார். வண்டிக் கண்ணாடிக்குக் கீழே கிடந்த ரசீது குப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து, "இது உங்க அக்கா பேருக்கு ரிஜிஸ்டர்ல வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அக்கா வரும்போது குடுக்கலாம்னு வெச்சேன், மறந்தே போச்சு" என்றார். உன் பேர். நம் வீட்டு முகவரி. அங்கேயே பிரித்தேன்.

"உறுப்பினருக்குக் கருப்பையை அகற்ற அனுமதி கோரப்பட்டுள்ளது. எங்கள் பதிவின்படி அந்த உறுப்பு சென்ற மே மாதமே அகற்றப்பட்டுவிட்டது. ஆகவே கோரிக்கை மறுக்கப்படுகிறது. இக்கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் முறையிடலாம்."

அடிப்பாவி! பக்கத்து விளக்குக்காரியாம்! கூச்சக்காரியாம்! "ராணி மாதிரி போய்ப் படு" என்று நான் கிண்டல் வேறு செய்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு நீ எப்படிச் சாப்பிட்டாய்? எப்படி அந்தப் பாட்டில்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாய்?

முகவரி என் தப்பு. நீ கவுன்டரில் கார்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது நோயாளியின் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பேர் உன்னுடையது, வயது உன்னுடையது என்று ஜாக்கிரதையாக எழுதினேன். முகவரி வந்ததும் பழக்கத்தில் கை என் வீட்டை எழுதிவிட்டது. அதைத்தான் அவர்கள் உன் முகவரியாக வைத்திருக்கிறார்கள். இவர் கையெழுத்துப் போட்டது பிப்ரவரி ஏழாம் தேதி. முப்பது நாள் முடிந்து மூன்று நாளாகிவிட்டது.

நான் வருகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் வருகிறேன். தழும்பு என் வயிற்றில் இருக்கிறது, உன் வயிற்றில் இல்லை. சேலையை விலக்கிக் காட்டினால் நம்பத்தானே வேண்டும்?

உடனே பதில் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்ச் 18

தங்கைக்கு,

அழுது முடித்திருந்தால் படி.

ஆமாம், நான்தான். நவம்பரிலிருந்து. மறைத்தது தப்பு என்று நினைக்கவில்லை. சொன்னால் நீ என்ன செய்வாய் என்று தெரியும், இப்போது செய்யத் துடிக்கிறாயே, அதைத்தான்.

பிப்ரவரி முதல் வாரம் எச்.ஆர். மேடம் கூப்பிட்டாள். சின்ன வயது, நல்ல பெண். "அம்மா, உங்களுக்குப் போன வருஷமே எடுத்தாச்சே. இல்லாததை மறுபடி எப்படி எடுக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "உங்களுக்குத் தங்கச்சி யாராவது இருக்காங்களா?" என்றாள். நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

அவள் தெளிவாகச் சொன்னாள். மறுப்புக் கடிதம் வீட்டுக்கு வரும். அது கைக்கு வந்து முப்பது நாளுக்குள் முறையீடு எழுதிக் கொடுத்துவிட்டால், விசாரணை முடியும்வரை நான் உறுப்பினர்தான். அவசரம் என்று டாக்டர் எழுதினால் அதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடலாம். படிவத்தையும் கொடுத்தாள். அதில் ஒரு வரி: "அன்று சிகிச்சை பெற்றவர் யார்?" உன் பேரை எழுத வேண்டிய இடம். ஐந்து வாரம் அந்தப் படிவம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. எழுத முடியவில்லை. எழுதினால் நாளைக்குப் போலீஸ் உன் வாசலில் நிற்குமோ என்று பயம். கடிதம் வராத வரைக்கும் நாள் ஓடாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது அங்கே வேனில் கிடந்திருக்கிறது.

உன் வீட்டுக்காரரைத் திட்டாதே. அவர் கடிதத்தைக் கையில் கொடுத்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் பேர் பதிந்திருக்கிறேன். அங்கே கார்டு வேண்டாம், பழைய பதிவு வேண்டாம். ஜூன் பதினேழு என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். சாதாரணக் கட்டிதான். காகிதத்தில் எனக்குப் போன வருஷமே குணமாகிவிட்டது. உடம்புக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

நீ வராதே. யாருக்கும் எதையும் எழுதாதே. இது என் மேல் ஆணை.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நிஜமாக எழுது. 

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால், "முப்பது நாள் என் கண் முன்னாலேயே கிடந்திருக்குடி" என்கிறார். இரண்டு நாளாக அதே பேச்சு.

உன் ஆணையை மீறிவிட்டேன். உன் கம்பெனிக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். "சென்ற மே மாதம் எட்டு நாள் என் அக்கா பேரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது நான். வெட்டி எடுத்தது என் கருப்பை. என் அக்காவுக்கு எதையும் எடுக்கவில்லை. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், அவளுக்குச் சிகிச்சை கொடுங்கள்." என் சொந்தப் பேரில் கையெழுத்து. என் தழும்பைச் சோதித்த இங்கத்து டாக்டரின் சீட்டையும் வைத்திருக்கிறேன்.

பதிவைத் திருத்தச் சொல்லும் உரிமை உண்டு என்று நீ கையேட்டில் படித்து எழுதியிருந்தாயே, அதற்கு நாள் கணக்கு எதுவும் போடவில்லையே. முறையீட்டுக்கு நாள் போனால் போகட்டும், திருத்தட்டும். திருத்தினால் மறுக்கக் காரணமே இல்லையே? ஜூன் வரைக்கும் காத்திருக்க நான் விட மாட்டேன். நீ என்னை அந்த வரிசையிலிருந்துதானே இழுத்தாய்? உன்னை மட்டும் அங்கே நிற்கவைத்துவிட்டு நான் சீருடை தைத்துக்கொண்டு இருப்பேனா?

கோபித்துக்கொள். ஆனால் பிழைத்துக் கோபித்துக்கொள்.

தங்கை

மே 4

தங்கைக்கு,

பிள்ளைகள் சுகம்தானே? பெரியவளின் பரீட்சை நன்றாக முடிந்ததா?

விசாரணை நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "உங்க தங்கச்சி எழுதினது நிஜமா?" என்று கேட்டார்கள். "அவ பொய் சொல்ல மாட்டா, சார். நான்தான் சொல்வேன்" என்றேன். எச்.ஆர். மேடம் தலையைக் குனிந்துகொண்டே எழுதினாள்.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு கவர்கள் வந்தன. இந்தத் தடவை சரியான முகவரிக்கு. முதல் கவரில், "உங்கள் கோரிக்கைப்படி பதிவு திருத்தப்பட்டது." ஆக, கருப்பை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, காது மந்தமும் போய்விட்டது. இரண்டாவது கவரில், பொறுப்பு நான்கை மீறியதால் சென்ற மே மாதத்திலிருந்தே என் காப்பீடு ரத்து. வேலையும் இல்லை. உன் மேல் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அது போதும் எனக்கு.

கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். மூன்று நாள் உன் மேல் கொலைவெறியில் இருந்தேன். பதினாறு வருஷம் உட்கார்ந்த விளக்கடி. வெளியே வரும்போது ஒரு பெண் பிள்ளை என் இடத்தில் உட்கார்ந்து, விரிசல் பாட்டிலை விட்டுவிட்டது. திரும்பிப் போய் எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அப்புறம் அறைக்கு வந்து, உன் கடிதத்தை எடுத்து, "பிழைத்துக் கோபித்துக்கொள்" என்ற வரியைப் படித்தேன். அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. இந்த உலகத்தில் எனக்காகத் தன் பேரைக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள். நானும் அதைத்தானே செய்தேன். இரண்டு பேரும் ஒரே முட்டாள்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அது சாதாரணக் கட்டி இல்லை. பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள், சீக்கிரம் எடுத்தால் போதும் என்று. இப்போது அரசு டாக்டர் சொல்வது இது: "திறந்து பார்ப்போம். எடுக்கிற மாதிரி இருந்தா மூணு மணி நேரம் ஆகும். பரவியிருந்தா தொடாம மூடிடுவோம், அரை மணியில வெளிய வந்துடுவீங்க."

வா. கூட இருப்பவர் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். இந்தத் தடவை யார் பேரையும் மாற்றி எழுத வேண்டியதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறதுடி.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கண் விழித்ததும் உன் கையில் கொடுப்பேன். சும்மா உட்கார்ந்தால் தலை வெடித்துவிடும். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் யாரைக் கேட்பது? கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

காலையில் வார்டில் உன் பேரைக் கூப்பிட்டபோது, பழக்க தோஷத்தில் நானும் "ம்" என்று எழுந்தேன். நர்ஸ் முறைத்தாள். "ரெண்டு பேர்ல யாரும்மா பேஷண்ட்?" என்றாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நல்லாக் கேளுங்க, இவ வந்து ஏற்கெனவே படுத்துட்டுப் போயிட்டா" என்றாய். ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போதும் வாய் ஓயவில்லை: "மூஞ்சியைப் பாரு. போய் ஒரு டீ குடி. மூணு மணி நேரம் ஆகும்."

சரியாக ஒன்பதே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இவர் பிள்ளைகளோடு போனில் பேசப் படிக்கட்டுப் பக்கம் போயிருக்கிறார். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அது ஓட வேண்டும் அக்கா. பன்னிரண்டே காலைத் தாண்டி ஓட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நல்லது. என் வாழ்க்கையில் நேரம் ஆகட்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இன்றைக்குத்தான்.

நீ தேறியதும் நம் வீட்டுக்கு வந்துவிடு. இங்கே உன் அறையைக் காலி செய்ய இவரிடம் சொல்லிவிட்டேன். சின்னவள் தன் கட்டிலைப் பெரியம்மாவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சீருடைக் கடையில் பித்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் தேடுகிறார்கள். உன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதியதால் போன வேலைக்கு ஈடாகாதுதான். உட்கார்ந்து பார்க்கிற வேலை, கண் எரியாது.

அந்தப் படிவத்தில் கூட இருப்பவர் இடத்தில் என் பேர் எழுதி, உறவு "தங்கை" என்று போட்டேன். கவுன்டர்க்காரர் படிவத்தையும் என் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஒன்பது நாற்பது. பக்கத்தில் ஒரு அம்மா, மகளுக்காகக் காத்திருக்கிறாள். ஏழரைக்குப் போனவளாம், இன்னும் வரவில்லை என்று அழுகிறாள். வராமல் இருப்பது நல்லதும்மா என்று சொன்னேன். புரியாமல் பார்க்கிறாள்.

ஒன்பது ஐம்பது. கதவு திறந்திருக்கிறது. அந்த அம்மாவின் மகளாகத்தான் இருக்கும்.

இல்லை. உன் பேரைக் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். முதல் கூப்பாட்டிலேயே எனக்குக் கேட்டுவிட்டது, அக்கா.